வயிறு நிறைந்தால் போதுமா?

மாணவர்களே, கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877ஆம் ஆண்டில், ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது, 9 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூரிலிருந்து கோலா கங்சாருக்கு வந்தன. அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இந்த மரம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், உங்கள் குடும்பக் கதையும் ஒரு வகையில் இந்த மரத்தடியில்தான் தொடங்குகிறது.

மரப்பட்டையைச் சீவியதும் மங்கில் சொட்டும் வெள்ளைத் திரவத்தைப் 'பால்' என்றே நம்மவர்கள் அழைத்தார்கள். நிறம் மட்டுமா ஒன்று? பசும்பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிகிறது. ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் விட்டால் உறைகிறது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே வகைப் பொருள்: புரதம்.

ரப்பர் பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளையும் மெல்லிய புரத உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. அந்த உறையில் எதிர்மின்னூட்டம் உண்டு. எல்லாத் துகள்களும் ஒரே மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. பால் திரவமாகவே இருக்கிறது. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடுகின்றன. பிறகு துகள்கள் மோதிக்கொள்ளும்போது உறை உடைந்து, உள்ளே இருக்கும் ரப்பர் ஒட்டித் திரள்கிறது. பசும்பாலிலோ கேசின் என்ற புரதமே மின்னூட்டம் இழந்து கட்டியாகிறது. வேதியியல் வகுப்பில் படிக்கும் பாடம்தான் தோட்டத்து ஸ்டோரிலும் வீட்டு அடுப்படியிலும் நடக்கிறது.

ஆனால் ரப்பர் பாலை யாரும் குடிப்பதில்லை. புரதம் இருப்பதாலேயே ஒரு பொருள் உணவாகிவிடாது. அது செரிக்க வேண்டும். செரித்த பிறகு நம் உடலுக்கு வேண்டிய பகுதிகளைத் தர வேண்டும். அந்தப் பகுதிகள் என்ன?

20 எழுத்துகள்

புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். நம் உடல் தன் புரதங்களைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் அடிப்படையில் 20 வகை. அவற்றை எழுத்துகள் என்றும் புரதங்களைச் சொற்கள் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் 51 எழுத்துகள் கொண்ட சொல். உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 574 எழுத்துகள் கொண்டது. தலைமுடி, நகம், தசை, செரிமான நொதிகள், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் எல்லாமே இந்த 20 எழுத்துகளை வெவ்வேறு வரிசையில் கோத்து எழுதப்பட்டவைதாம்.

நீங்கள் சாப்பிட்ட கோழியின் புரதம் அப்படியே உங்கள் தசையாக மாறுவதில்லை. வயிற்றில் அமிலமும் பெப்சின் நொதியும், சிறுகுடலில் டிரிப்சின் முதலிய நொதிகளும் அந்தச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரிக்கின்றன. பிரிந்த எழுத்துகள் இரத்தத்தில் கலந்து உயிரணுக்களை அடைகின்றன. அங்கே உங்கள் உடல் தனக்குத் தேவையான சொற்களைப் புதிதாக எழுதிக்கொள்கிறது.

ஒன்பது மட்டும் உணவிலிருந்து

இருபதில் பலவற்றை உடலே தயாரித்துக்கொள்ளும். சிலவற்றை அதனால் தயாரிக்க முடியாது. எவை அவை என்று கண்டுபிடித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ரோஸ். அவர் எலிகளுக்குப் புரதத்துக்குப் பதிலாகத் தூய அமினோ அமிலக் கலவையைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை தெரிந்த எல்லா அமினோ அமிலங்களையும் கொடுத்தும் எலிகள் வளரவில்லை. இன்னும் ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடியதில், 1935இல் திரியோனின் கிடைத்தது.

1940களில் அவர் இளம் ஆய்வு மாணவர்களையே சோதனைக்கு அழைத்தார். மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, தாது உப்புகள், வைட்டமின்கள், அவற்றோடு தூய அமினோ அமிலங்கள். இதுதான் அவர்களின் சாப்பாடு. கலவையிலிருந்து இன்றியமையாத ஓர் அமினோ அமிலத்தை நீக்கியதும் அவர்களுக்குப் பசி மந்தமானது. சோர்வும் எரிச்சலும் வந்தன. உடல் பெறும் நைட்ரஜனைவிட இழக்கும் நைட்ரஜன் கூடியது. அதாவது உடல் தன் சொந்தப் புரதத்தையே கரைக்கத் தொடங்கிவிட்டது. நீக்கியதைத் திருப்பிக் கொடுத்ததும் தேறினார்கள். கவனியுங்கள்: அவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறைந்துதான் இருந்தது.

இன்று நாம் அறிந்த இன்றியமையா அமினோ அமிலங்கள் ஒன்பது: லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபான், லூசின், ஐசோலூசின், வேலின், பினைல்அலனின், ஹிஸ்டிடின். கோலா கங்சாருக்கு வந்த கன்றுகளின் எண்ணிக்கையும் ஒன்பதுதான். அதை வைத்தே நினைவில் கொள்ளுங்கள்.

சோறும் பருப்பும்: ஓர் அட்டைக் கணக்கு

முட்டை, பால், மீன், இறைச்சி, சோயா ஆகியவற்றில் இந்த ஒன்பதும் போதிய அளவில் உள்ளன. தானியங்களிலும் பருப்புகளிலும் ஒன்பதும் இருக்கின்றன. ஆனால் ஏதாவது ஒன்று குறைவாக இருக்கும். அரிசியில் குறைவது லைசின். ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 45 மில்லிகிராம் லைசின் இருப்பது பெரியவர்களுக்கு நல்லது. அரிசிப் புரதத்தில் அது 36 அளவிலேயே இருக்கிறது. பருப்பு வகைகளில் 65 முதல் 70 வரை உண்டு. ஆனால் பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதை அரிசி தாராளமாகத் தருகிறது.

இதை ஒரு விளையாட்டாகப் பார்ப்போம். 'மலேசியா' என்ற சொல்லை எழுத ம, லே, சி, யா என நான்கு எழுத்தட்டைகள் வேண்டும். உங்களிடம் 'ம', 'லே', 'யா' தலா 10 உள்ளன. 'சி' மட்டும் 4. எத்தனை முறை எழுதலாம்? நான்கே முறை. உங்கள் நண்பரிடம் 'ம', 'லே' தலா 10, 'சி' 16, 'யா' 5. அவர் ஐந்து முறை எழுதலாம். தனித்தனியாக எழுதினால் மொத்தம் ஒன்பது சொற்கள். இருவரின் அட்டைகளையும் ஒன்றாகக் கொட்டினால் 'ம' 20, 'லே' 20, 'சி' 20, 'யா' 15. இப்போது பதினைந்து சொற்கள்! அட்டை ஒன்றுகூடப் புதிதாக வரவில்லை, சேர்த்ததுதான் வித்தியாசம்.

சோற்றுக்குச் சாம்பார் ஊற்றும்போதும், அரிசியோடு உளுந்து அரைத்து இட்லி அவிக்கும்போதும், பச்சரிசியோடு பாசிப்பருப்பு போட்டுப் பொங்கல் வைக்கும்போதும் நடப்பது இதுதான். அமினோ அமிலத்தின் பெயர் தெரியாமலேயே நம் பாட்டிமார் இந்தக் கணக்கைச் சமையலில் போட்டுவிட்டார்கள். இரண்டையும் ஒரே கவளத்தில் சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும்.

எழுதாமல் மிஞ்சிய அட்டைகள் என்ன ஆகும்? கொழுப்பைச் சேமிப்பதுபோல அமினோ அமிலத்தைச் சேமிக்க உடலில் கிடங்கு இல்லை. மிஞ்சியதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்குகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. மீதிப் பகுதி ஆற்றலாக எரிகிறது அல்லது கொழுப்பாகிறது. நேற்று வயிறு முட்டச் சாப்பிட்ட கோழி இன்றைய தேவைக்கு ஈடாகாது என்பது இதனால்தான்.

ஒரு மருத்துவரின் எச்சரிக்கை

இந்தக் கணக்கு தவறினால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் சிறு குழந்தைகள். இதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் மலாயாவிலும் பணியாற்றியவர். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் மருத்துவராக இருந்தபோது விந்தையான நோய் ஒன்றைக் கண்டார். குழந்தைகளின் கால்களும் வயிறும் வீங்கின; முடி நிறம் மாறியது; தோல் உரிந்தது. தாய்ப்பால் மறந்த பின் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோளக் கஞ்சிதான். அந்தச் சோளத்தில் லைசினும் டிரிப்டோபானும் குறைவு.

உள்ளூர் கா மொழியில் அந்த நோயின் பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தாய்மார்கள் கொடுத்த பெயரிலேயே காரணம் ஒளிந்திருப்பதைச் சிசிலி கவனித்தார். 1933இல் அந்த நோயை விவரித்தும், 1935இல் அதே பெயரைச் சூட்டியும் மருத்துவ இதழ்களில் எழுதினார். இந்த நோயில் புரதக் குறையோடு நோய்த்தொற்று முதலிய வேறு காரணங்களும் சேர்கின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் உடம்பு பருமனாகத் தெரிவதை வைத்துக் குழந்தைக்கு ஊட்டம் இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது என்ற அவரது பாடம் மாறவில்லை.

1936இல் சிசிலி மலாயாவுக்கு மாற்றப்பட்டார. இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. தாய்ப்பாலுக்கு ஈடானது என்று சொல்லி, டின்னில் அடைத்த இனிப்புப் பாலைக் கைக்குழந்தைகளுக்கு விற்றார்கள். அதில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. பல வகைகள் கொழுப்பு நீக்கியவை. அதைக் கரைக்கத் தூய நீர் இல்லாத வீடுகளும் ஏராளம். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்'. பின்னர் ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டு, உயிர் தப்பி, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

இது பழங்கதை அன்று. 2019இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்! தாயின் உடல்நலம், அடிக்கடி வரும் நோய், வறுமை எனக் காரணங்கள் பல. தட்டில் என்ன இருக்கிறது என்பதும் அவற்றுள் ஒன்று.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

வளரும் பருவத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 0.9 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 45 கிராம். இதோ சில தோராய அளவுகள்:

ஒரு முட்டை: 6 கிராம்
பால், ஒரு பெரிய குவளை: 8 கிராம்
வெந்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை, 100 கிராம்: 7 முதல் 9 கிராம்
தவு, 100 கிராம்: 8 கிராம்
தெம்பே, 100 கிராம்: 19 கிராம்
சமைத்த கோழி, 100 கிராம்: 27 கிராம்
சோறு, 100 கிராம்: 2.5 கிராம்

300 கிராம் சோற்றை வெறும் சம்பாலோடு சாப்பிட்டால் ஏறத்தாழ 8 கிராம்தான் கிடைக்கும். அதே சோற்றோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் ஒரு முட்டையும் சேர்ந்தால் 24 கிராம் ஆகிவிடும். தேவையில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் வந்துவிட்டது. விலை உயர்ந்த புரதப் பொடி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சைவ உணவு உண்பவர்களும் பருப்பு, பால், தவு, தெம்பே கொண்டே இந்தக் கணக்கை நிறைவு செய்யலாம்.

இந்த வாரம் இரண்டு வேலைகள் செய்யுங்கள். முதலாவதாக, நேற்று நீங்கள் சாப்பிட்டதை எழுதி, மேலே உள்ள அளவுகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவதாக, தே தாரிக் கலக்க வீட்டில் வைத்திருக்கும் டின்னைக் கையில் எடுங்கள். இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பல, பால் அல்ல. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு கிரீமர். அதன் லேபிளில் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு பால் பெட்டியை வைத்து ஒப்பிடுங்கள். கிரீமர் தேநீருக்குத்தான், குழந்தையின் புட்டிக்கு அல்ல.

வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்குப் பால் கலக்கும் வேலை சில நேரம் உங்களிடம்தான் வரும். வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் அன்று என்பதைக் கோலா கங்சாரின் ரப்பர் மரமே சொல்லும். டின்னைத் திறக்கும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.