கதவைத் தட்டும் மூத்த தொண்டூழியர்கள்

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டில் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள மருத்துவச் சலுகைகளை முதியோர்க்கு விளக்க, பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் தூதர்களாக வீடு வீடாகச் சென்றனர். தமிழ், மலாய், மாண்டரின், ஹொக்கியன் என முதியவருக்கு எந்த மொழி வருமோ, அந்த மொழியிலேயே பேச முயன்றனர்.

இத்தூதர்களுள் பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. மூட்டுவலியைப் பற்றி, அதே வலி உள்ளவரிடம் பேசுவது எளிதுதானே! சலுகையில் தொடங்கும் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பும். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடாததும், பல நாள்களாக யாரிடமும் பேசாததும் அப்போதுதான் தெரியவரும். அதற்குப் பொறுமை வேண்டும். கொடுக்கும் தேநீரைக் குடித்து முடிக்க நேரமும் வேண்டும்.

2018 முதல் இவர்கள் மூத்த தலைமுறைத் தூதர்கள் என்று அழைக்கப்படுகின்றனர். தனித்து வாழும் முதியோரை அருகிலுள்ள நிலையத்தின் நடவடிக்கைகளுக்கு அழைக்கின்றனர். உதவி தேவைப்படுவோரைப் பற்றி அலுவலகத்திற்குத் தெரிவிக்கின்றனர்.