10 நானோமீட்டர் தூரம்

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் மேல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும்?" மதுரைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நாகமலைப் பக்கம், காமராசர் பல்கலைக்கழக வேதியியல் புலத்தில் ஒளி மின்வேதியியலுக்கென்றே ஒரு மையம் உண்டு. ஊரில் பலருக்கு அது தெரியாது.

கடத்தும் பிளாஸ்டிக்குக்கு 2000இல் நோபல் கிடைத்த கதை தெரிந்ததுதான். பொருள் அதைவிடப் பழையது. 1862இல் லண்டனில் லெதபி என்ற வேதியியலாளர், அமிலத்தில் கரைத்த அனிலினுக்குள் மின்சாரம் செலுத்தினார். மின்முனையில் கருநீலப் படலம் படிந்தது. இன்று அதன் பெயர் பாலிஅனிலின். பருத்திக்கு ஏற்றிய அனிலின் கறுப்புச் சாயமும் அதே குடும்பம்.

கேள்விக்கு வருவோம். மின்முனைமேல் படலமாகப் பூசிக் கரைசலில் அமிழ்த்திய, பாலிதயோஃபீன் போன்ற கடத்தும் பாலிமர் மேல் ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும். அதுவும், அது விட்டுவந்த காலியிடமும் ஒன்றையொன்று பற்றியபடி ஜோடியாக அலையும். அலைவது ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான். அதற்குள் கரைசலின் விளிம்பு வந்துவிட்டால் எலெக்ட்ரான் கரைசலுக்குள் தாவும், காலியிடம் மின்முனைக்கு நகரும், மின்னோட்டம் பிறக்கும். வராவிட்டால் இரண்டும் மறுபடி கூடி, பட்ட ஒளி பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். ஆனால் ஒளியை முழுதாக விழுங்கப் படலம் 100 நானோமீட்டருக்கு மேல் தடித்திருக்க வேண்டுமே!

இந்த முரணுக்கு விடை, அதே பாலிமரை மெல்லிய இழையாக்கிய நானோகம்பி. சோழவந்தான் கொடிக்காலில் சிறுவயதில் திரிந்தவன் நான். அங்கே பாத்தி நீளமாக ஓடும், அகலம் கொஞ்சம்தான்; இரு பக்கமும் வாய்க்கால் தண்ணீர். எந்த வேருக்கும் ஈரம் தூரமில்லை. மின்முனைமேல் கம்பிகளை நிற்கவைத்தாலும் அப்படித்தான். ஒளி கம்பியின் நீளம் முழுக்க இறங்கும். கம்பி போதிய அளவு மெலிந்திருந்தால், எங்கே ஜோடி பிறந்தாலும் கரைசல் பக்கத்திலேயே இருக்கும்.

குறையும் உண்டு. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து இந்தப் பாலிமர்களை நாளடைவில் சிதைத்துவிடும். இந்தப் படலங்களை ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் வெயிலுக்குப் பதிலாகச் செனான் விளக்கின்கீழ் சோதிக்கிறார்கள். நம் கல்லூரிகளிலோ மின்வேதியியல் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். மொட்டைமாடியில் சித்திரை வெயில் சும்மா கொட்டிக் கிடக்கிறது. படலம் பூசிய ஒரு கண்ணாடித் துண்டு, கரைசல், இன்னொரு மின்முனை, நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் ஒரு மீட்டர் போதும். நிழலில் எவ்வளவு, வெயிலில் எவ்வளவு, வாரம் கழித்து எவ்வளவு குறைந்தது என்று மாணவர்களே குறித்துவைக்கலாம்.