உயிர்மருத்துவ ஆய்வும் நம் மாணவரும்

நோயின் காரணத்தை உயிரணு, குருதி, மரபணு ஆகியவற்றில் தேடும் அறிவுத்துறையே உயிர்மருத்துவம். இத்துறையின் முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு வருவோருள் எளிய குடும்பத்தினரும் சிறுபான்மையினரும் பல நாடுகளிலும் குறைவு. உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டால் இக்குறை தீரும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது மட்டும் போதாது என்பதற்கு நம் பினாங்கிலேயே பழைய சான்று ஒன்று உண்டு.

மருத்துவர் வூ லியென் தே 1879இல் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் பயின்ற அவர், 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளத்தை வென்று கேம்பிரிட்ஜ் இமானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் பணியாற்றிய லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும், பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1903இல் தாயகம் திரும்பி, கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பெற்றிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்.

அந்நோயைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். மலாயாவில் அது சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. தோட்டங்களில் உழைத்த தமிழரையோ பெரிதாகத் தீண்டவில்லை. தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதே வேறுபாடு என்பதை பிராடன் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நன்கு தீட்டிய வெள்ளரிசியில் அது இல்லை. அச்சத்தே பிற்காலத்தில் தயமின் என்று பெயர் பெற்றது. விடை நம் அடுப்பங்கரையில் இருந்தது. அந்த அடுப்பங்கரையை அறிந்தவர்களும் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் கேள்விகள் விரைவில் பிறக்கும் என்பது எம் கருத்து.

வூ லியென் தேக்கு அங்கே நிலைத்த இடம் கிடைக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் மருத்துவப் பணியில் உயர் பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியவை. கேம்பிரிட்ஜ் பட்டமும் அந்த வேலியைத் தாண்ட உதவவில்லை. அவர் பினாங்குக்கு மீண்டு சூலியா தெருவில் தனி மருத்துவம் பார்த்தார். பிறகு அழைப்பின் பேரில் சீனா சென்றார். 1910 டிசம்பரில் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சுக்காற்றால் தொற்றுவது என்று அவர் கண்டறிந்தார். மெல்லிய துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசம், தனிமைப்படுத்தல், பிணங்களை எரித்தல் ஆகியவற்றால் சில மாதங்களில் நோய் அடங்கியது. அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர். 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மலாயா பயிற்றுவித்து அனுப்பிய அறிஞரால் பயன் பெற்றது மற்றொரு நாடு.

படிக்கப் பணம் தந்தவர்கள் பணிபுரிய இடம் தரவில்லை. இக்குறையை உணர்ந்து வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமே அது. முதல் அணியில் கறுப்பின மாணவர் 19 பேர். கல்லூரி தொடங்குமுன் கோடைக்காலப் பயிற்சி, குழுவாகப் படித்தல், தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடப் பணி, இடைவிடாத வழிகாட்டல் ஆகியவை உதவித்தொகையோடு பிணைக்கப்பட்டன. அங்கிருந்து முனைவர் பட்டம் வரை சென்றோர் பலர்.

நம் மாணவருக்கோ மற்றொரு சுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் 'ஒளிச்சேர்க்கை' என்று கற்றதை இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'ஃபோத்தோசிந்தேசிஸ்' என்று கற்று, ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. மும்மொழியில் ஒரு பொருளை அறிந்தவர் உண்மையில் வளம் மிக்கவர். ஆயினும் முதல் ஆய்வுக்கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குவதால் அறியாதவராகவே கருதப்படுகிறார். இத்தயக்கத்தை மதிப்பெண் காட்டாது. ஆசிரியரே கண்டறிய வேண்டும். ஆறாம் படிவத்திலேயே மாணவரை எழுந்து நின்று ஆய்வுச் செய்தியொன்றை ஆங்கிலத்தில் விளக்கச் செய்வதும், அதே செய்தியைத் தமிழிலும் சொல்லச் செய்வதும் செலவில்லாத பயிற்சிகள்.

1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனில், நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அங்கோ வேறிடத்திலோ முதுகலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், கட்டணத்தை மட்டும் விசாரித்துத் திரும்பிவிடுகிறார். ஆய்வுப் பொருள்களுக்கும் வேதிப்பொருள்களுக்கும் எந்த நிதியிலிருந்து செலவிடப்படும், நெறியாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார், அவரிடம் முன்பு பயின்றோர் இன்று எங்கே பணிபுரிகின்றனர் என்பவற்றையும் சேருமுன் கேட்டறிய வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்க மாணவர் கூசுவார். உடன் செல்லும் ஆசிரியர் கேட்கலாம்.