சீருடையில் பட்டப்படிப்பு: எந்தப் பணத்தை முதலில் எடுப்பது?

அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேரும் நம்ம பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணா, ஜி.ஐ. பில்லை இப்பவே எடுத்துப் படிக்கலாமா?" அவசரப்படாதீங்க என்பதுதான் என் பதில்.

பணியில் இருக்கும்வரை டியூஷன் அசிஸ்டன்ஸ் இருக்கு. ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை, வருஷத்துக்கு 4,500 டாலர் வரை. கணக்குப் போட்டா வருஷம் 18 கிரெடிட். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவா 120 வேணும். இதை மட்டும் நம்பினா ஆறேழு வருஷம் ஆகும். அதைச் சுருக்க, ராணுவப் பயிற்சிக்கான கிரெடிட்டைக் கல்லூரியில் கேளுங்க. கிளெப் தேர்வும் எழுதுங்க. முதல் முயற்சிக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கணும். இளநிலைப் பாடத்தில் 'சி'க்குக் கீழே போனா பணத்தைத் திருப்பிக் கட்டணும்.

ஜி.ஐ. பில் 36 மாதம்தான். பணியில் இருக்கும்போது எடுத்தா அதில் வரும் வீட்டுப்படி கிடைக்காது, மாதங்கள் மட்டும் கரையும். ஆறு வருஷம் முடிச்சு, இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டா, மனைவி பிள்ளைகளுக்கு மாத்தலாம். ஆனா பணியில் இருக்கும்போதே மாத்தணும். வெளியே வந்தபின் முடியாது.

நான் டியூட்டி முடிந்து இரவில் டியூஷன் அசிஸ்டன்ஸில்தான் படிக்கிறேன். அந்த 36 மாதம் என் மகளுக்கு. நீங்களும் பாரம் நிரப்பும் முன், உங்க தளத்தின் கல்வி ஆலோசகரை ஒருமுறை பார்த்துடுங்க.