புது டயர் போட்டாச்சு... எஃப்.சி. மறு ஆய்வில் என்ன பார்ப்பார்கள்?

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால், வேப்பனப்பள்ளிச் சாலைகளில் மினி லாரிகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் ஓய்வே கிடையாது. தோப்பிலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்கு என்று நாள் முழுக்க ஓட்டம். மாங்காய் முடிந்தால் தக்காளி. எல்லையைத் தாண்டினால் கோலார் சந்தை. ஒரு வண்டி ஒரு வாரம் நின்றுபோனால், அந்த வீட்டின் மாதத் தவணையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தே நிற்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் எஃப்.சி. முடிகிற தேதியும் வந்து நிற்கும். பெயின்ட் அடித்து, லைட் மாற்றி, ஆய்வுக்குக் கொண்டுபோனால், இன்ஸ்பெக்டர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்க்கிறார். "டயர் மொட்டையா இருக்கு. மாத்திட்டு வாங்க!" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அடுத்த இரண்டு நாளில் கடன் வாங்கியாவது புது டயர் போட்டாகிவிடும். "டயர்தானே சொன்னாங்க, மாத்தியாச்சு. இனி கையெழுத்துதான் பாக்கி" என்ற நிம்மதியும் வந்துவிடும்.

அந்த நிம்மதி கொஞ்சம் அவசரமானது. மறு ஆய்வில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால், மூன்றாவது முறை அலைய வேண்டியிருக்காது.

எஃப்.சி. என்பது என்ன?

வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் தகுதிச் சான்று கட்டாயம் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு. புது வண்டிக்கு முதலில் 2 ஆண்டுகளுக்குச் சான்று கிடைக்கும். பிறகு 8 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 8 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சான்று காலாவதியானால், சட்டத்தின் பார்வையில் அது பதிவே இல்லாத வண்டி. அதை ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 192-வது பிரிவு. மறுபடி சிக்கினால் தொகையும் கூடும், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. விபத்து நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கும் காகிதங்களில் எஃப்.சி.யும் ஒன்று.

எல்லையோரத்தில் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியின் டி.என். 24 ஆனாலும் ஓசூரின் டி.என். 70 ஆனாலும், முறையாகப் பெற்ற சான்று இந்தியா முழுவதும் செல்லும். பங்காரப்பேட்டையில் நிறுத்தினாலும் குப்பத்தில் நிறுத்தினாலும் அதே சான்றைக் காட்டலாம். அது காலாவதியாகியிருந்தால், மூன்று மாநிலத்திலும் சிக்கல்தான்.

"மொட்டை" என்பதற்கும் கணக்கு உண்டு!

டயர் தேய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி இருக்கிறது. கார், வேன், லாரிகளுக்கு டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இது 0.8 மில்லிமீட்டர்.

அளந்து பார்க்கக் கருவி வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில், தரையைத் தொடும் பகுதிக்கு அருகே ஒரு சின்ன முக்கோணமோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். டயரின் பட்டன்கள் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பள்ளம் இருந்தால் மட்டும் போதாது. உள்நூல் வெளியே தெரிந்தாலும், ஓரிடத்தில் புடைத்திருந்தாலும், வெட்டுக்காயத்துக்கு மேலே வெறுமனே பட்டை ஒட்டியிருந்தாலும் அந்த டயர் நல்ல நிலையில் இருப்பதாக விதி ஏற்காது.

மறு ஆய்வுக்கு முன்: கையில் அந்தக் காகிதம் இருக்கிறதா?

தகுதிச் சான்றை மறுத்தால், அதற்கான காரணத்தை எழுத்துபூர்வமாகத் தர வேண்டும் என்று 56-வது பிரிவே சொல்கிறது. "டயர் சரியில்லைன்னு சொன்னாங்க" என்று வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காகிதத்தை வாங்கிப் படியுங்கள். டயரோடு சேர்த்து, பின்பக்க ஒளிரும் பட்டை, வைப்பர், ஹேண்ட் பிரேக் என்று வேறு இரண்டு குறைகளும் அதில் எழுதப்பட்டிருக்கலாம். டயரை மட்டும் மாற்றிக்கொண்டு போய் மறுபடி திரும்பி வருபவர்கள், பெரும்பாலும் அந்தக் காகிதத்தை முழுசாகப் படிக்காதவர்கள்தான்.

காரணம் நியாயமில்லை என்று தோன்றினால், உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 57-வது பிரிவு வழி தருகிறது.

மறு ஆய்வில் என்னென்ன பார்ப்பார்கள்?

அளவு: போக்குவரத்து வாகனத்தின் பதிவு ஆவணங்களில் ஒவ்வொரு அச்சிலும் என்ன அளவு டயர் என்பது இருக்கும். டயரில் '185 ஆர் 14' என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், ரேடியல் வகை, 14 அங்குல ரிம் என்று பொருள். கடைக்காரர் "இது கொஞ்சம் பெருசு, நல்லா தாங்கும்" என்று சொன்னார் என்பதற்காக வேறு அளவை மாட்டினால், ஆய்வில் கேள்வி வரும். சக்கரம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் உண்மை வேகமும் ஒத்துப்போகாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் கணக்கும் அதனால் தவறும்.

தாங்கும் திறன்: அளவு ஒன்றாக இருந்தாலும் கார் டயரும் சரக்கு வண்டி டயரும் ஒன்றல்ல. எத்தனை 'பிளை', எவ்வளவு எடை தாங்கும் என்பது டயரிலேயே பதிந்திருக்கும். விலை குறைவு என்று திறன் குறைந்த டயரை மாட்டினால், ஆய்வில் தப்பினாலும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தப்ப முடியாது.

ஜோடி: ஒரே அச்சில் இடப்பக்கம் ரேடியல், வலப்பக்கம் நைலான் என்று கலந்து போடக் கூடாது. ஒன்று புதுசு, இன்னொன்று பாதி தேய்ந்தது என்றாலும் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த இரண்டையும் ஒரே அச்சில் போடுவதுதான் சரி.

முத்திரை, தேதி: இந்தியாவில் விற்கும் புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 'புது டயர்' என்று வாங்கியது கடையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டெப்னி: நான்கு சக்கரத்தையும் மாற்றிவிட்டு, கழற்றிய மொட்டை டயரையே ஸ்டெப்னியாக மாட்டிக்கொண்டு போவது பலரும் செய்யும் தவறு. வழியில் பஞ்சரானால் லோடு முழுவதையும் சுமக்கப்போவது அந்த டயர்தான்.

டயர் ஏன் தேய்ந்தது?

மறு ஆய்வின் முக்கியமான கேள்வி இதுதான். பழைய டயரைப் பஞ்சர் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வண்டியின் நோய் என்ன என்று அதிலேயே எழுதியிருக்கும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது தொடர்ந்து ஓவர்லோடு. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கும், அல்லது ஸ்டியரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்ஸையோ பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் சக்கரத்தைப் பூட்டிப் பிடிக்கிறது என்று பொருள்.

காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயரை மட்டும் மாட்டினால், அலைன்மென்ட் கோளாறும் பிரேக் கோளாறும் வண்டியில் அப்படியே இருக்கும். ஆய்வாளர் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங் இழுப்பதும், பிரேக் ஒருபக்கம் பிடிப்பதும் தெரிந்துவிடும். தானியங்கி ஆய்வு மையம் என்றால் இன்னும் கறார். அங்கே சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறதா, இடது வலது பிரேக் சமமாகப் பிடிக்கிறதா என்பதை இயந்திரமே அளந்து எண்ணாகக் காட்டும். இத்தகைய மையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளிவந்தன. உங்கள் வண்டிக்கு எங்கே ஆய்வு என்பதை, வாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் டயர் மாற்றிய கையோடு அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டையும் செய்துவிடுங்கள். டியூப் உள்ள டயர் என்றால், டியூபையும் ஃபிளாப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புது டயர் முதல் சில நாட்கள் கொஞ்சம் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன் பிடிப்பதுதான் சரியான அளவு தரும்.

ஒருநாள் டயர்

எஃப்.சி. நாளுக்கு மட்டும் தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய், சான்று வாங்கியதும் பழைய டயரையே திரும்ப மாட்டுகிற பழக்கமும் உண்டு. வறுமை இதற்கு ஒரு காரணம், உண்மைதான். சீசனுக்கு முன் கையில் காசு இருக்காது. ஆனால் அந்தச் சான்று ஓராண்டு ஓடும். கடன் வாங்கிய டயர் ஒருநாள்தான் ஓடும். மீதி நாட்கள் எல்லாம் மொட்டை டயர்தான் மழையிலும் மலையிலும் ஓட வேண்டும்.

சான்றும் வண்டியின் உண்மை நிலையும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணீரோடு பார்த்திருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று, சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை விசாரித்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இன்று கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் மரணம் இருக்கிறது.

சரக்கு வண்டியில் குழந்தைகள் ஏறுவதில்லைதான். ஆனால் அதே சாலையில்தான் ஓசூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களும், பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் எதிரே வருகிறார்கள்.

சொந்தக் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு...

"நமக்கு எஃப்.சி. கிடையாதே" என்று கடந்துபோக வேண்டாம். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கும் டயர் பார்க்கப்படும். அதற்கு முன்பும் 94-வது விதி எல்லா வண்டிக்கும் பொதுதான்.

கிளம்பும் முன் ஒருமுறை

பழைய சான்று முடிய சில வாரங்கள் இருக்கும்போதே முதல் ஆய்வுக்குப் போய்விடுங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினாலும் மறு ஆய்வுக்கு நாள் கையில் இருக்கும். மறு ஆய்வுக்கான கட்டணமும் கால எல்லையும் வண்டியின் வகைக்கேற்ப மாறும் என்பதால், அதை வாகன் தளத்திலோ அலுவலகத்திலோ முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பையில் இவை இருக்கட்டும்: குறைகள் எழுதிய காகிதம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய விவரம், டயர் வாங்கிய பில், அலைன்மென்ட் செய்த ரசீது. வண்டியைக் கழுவி, சக்கரங்களில் மண் இல்லாமல் கொண்டுபோங்கள். டயரில் இருக்கும் எழுத்துகள் தெரிய வேண்டும் அல்லவா!

கையெழுத்து விழுந்த பிறகும், மாதம் ஒருமுறை அந்தச் சின்ன முக்கோணத்தைத் தேடிப் பள்ளத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருநாள்தான் பார்ப்பார். லோடு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிற வண்டியை, திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.