கன்றுக்கும் ஒரு தசமபாகம்



உங்கள் காணிக்கையால் முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் கறவை மாடு பெறுகிறார்கள். மாடு நிலைக்கிறது, கன்றுதான் கழிச்சல் கண்டு சாகிறது.

கன்று நோய் எதிர்ப்புச் சக்தியோடு பிறப்பதில்லை. அதைச் சீம்பாலில்தான் பெறுகிறது. அந்தச் சக்தியைக் குடல் உறிஞ்சுவதும் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். ஆகவே பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் வயிறாரக் கொடுக்கவேண்டும். சீம்பாலை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது நம் நல்ல வழக்கமே. கன்று குடித்தபின் மிஞ்சினால் கொடுக்கலாம்! பின்பு தினமும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால்: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், காலையும் மாலையுமாக. தசமபாகம் என்றால் சபையார் மறப்பதில்லை.

தண்ணீர்? தெளிந்த கிணற்று நீர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, அரைமணி கழித்துக் கழுவிய வாளியில் வைக்கவேண்டும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு அடங்காது. கன்றின் சாணத்திலிருந்து அது குழந்தைகளுக்கும் தொற்றி வயிற்றுப்போக்கு உண்டாக்கும். மருத்துவமனைக்குக் கன்றைப்பற்றி என்ன கவலை என்பீர்களானால், இதுவே. வீட்டார் குடிநீரைக் கொதிக்கவைத்து, கன்றைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவவேண்டும்.

இனி மாட்டோடு இரண்டு வாளியும் சோப்பும் கொடுக்க விரும்புகிறோம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்