நாக்கில் படியும் வெள்ளை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தை மறக்காதவர்களுக்கு ஈஸ்ட் புதிதல்ல. தென்னம்பாளையில் வடியும் இனிப்பு நீர் நுரைத்துக் கள்ளாவது அதன் வேலை. அதற்குத் தூரத்து உறவான கேண்டிடா நம் வாயிலேயே குடியிருக்கிறது. நோயில்லாதவர்களிலும் பத்துப் பேரில் மூன்று முதல் ஆறு பேர் அதைச் சுமக்கிறார்கள். பகாவில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் வாயிலும் இருக்கலாம். சிரம்பானில் அவருக்கு மருந்து எழுதும் டாக்டர் வாயிலும் இருக்கலாம். சுமப்பது நோயாகாது.

எச்சிலும், வாயில் வாழும் பாக்டீரியாக்களும், ரத்தத்தின் வெள்ளணுக்களும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. வெள்ளணுக்களில் சிடி4 என்ற வகை முக்கியமானது. கிருமியைக் கண்டதும் மற்ற அணுக்களைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அதுதான். எச்ஐவி குறிவைப்பதும் அதைத்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4, 200-க்குக் கீழே இறங்கினால் கேண்டிடாவுக்குத் துணிச்சல் வந்துவிடும். உருண்டையாக இருந்தது நூலாக நீண்டு, வாயின் மெல்லிய தோலுக்குள் நுழையும். அந்த நூல்கள் நம் அணுக்களைத் துளைக்கும் நச்சு ஒன்றைச் சுரப்பது 2016-இல் தெரியவந்தது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிராடை போல வெள்ளை படியும். வழித்தால் அடியில் சிவந்திருக்கும். தொண்டைக்குக் கீழே இறங்கினால் சோறு விழுங்கவே வலிக்கும்.

1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் அறிக்கை லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர்கள் ஐவரைப் பற்றியது. ஐவருக்குமே கேண்டிடா தொற்று இருந்தது. வைரஸைக் கண்டுபிடிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று பதிவானது 1986-இல். அதே ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1995-இல் டப்ளின் ஆய்வாளர்கள், எச்ஐவி உள்ளவர்களின் வாயிலிருந்து அதுவரை பெயரில்லாத ஒரு கேண்டிடாவைப் பிரித்து, ஊரின் பெயரையே வைத்தார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளையைக் கண்டதும் எச்ஐவி என்று லயத்தில் பேச்சுக் கிளப்பிவிடாதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், ராத்திரியில் பல் செட்டைக் கழற்றாத பாட்டிக்கும், ஆஸ்துமா மருந்து இழுப்பவருக்கும், கைக்குழந்தைக்கும் அது வரும். காரணம் புரியாமல் வந்தால் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. எச்ஐவி இருப்பது தெரிந்தாலும் அவருடைய தட்டையும் கோப்பையையும் தனியே ஒதுக்கத் தேவையில்லை. அப்படி அது தொற்றுவதில்லை.

படிந்த வெள்ளையைப் பூஞ்சை மருந்து சில நாளில் நீக்கும். எச்ஐவி மாத்திரையைத் தினமும் விடாமல் சாப்பிட்டால் சிடி4 மெல்ல ஏறும். அதன்பின் கேண்டிடா பலருடைய வாயில் பழையபடி அடங்கிக் கிடக்கும்.